மாத்தளையிலிருந்து எந்தக் கடலுக்கு?

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. தெற்கே கண்டி, மேற்கே குருநாகல், வடக்கே அநுராதபுரம், கிழக்கே பொலன்னறுவையும் பதுளையும் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு மாவட்டத்தைக் கடந்துதான் உப்புத் தண்ணீரைத் தொடலாம். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு எந்தக் கடலுக்குப் போவது என்ற யோசனையே வராது. வாசலில் இருப்பதுதான் கடல். எங்களுக்கோ தீவின் எல்லாக் கரைகளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் கிடக்கின்றன. விருப்பப்படி தெரிவு செய்யும் வசதி எங்களுக்குத்தான் அதிகம். ஆனால் அந்த வசதியை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை. லீவுக்குக் கடல் பார்க்கப் போவோம் என்று வீட்டிலோ லயத்திலோ பேச்சு எழுந்தால், வேன்காரரிடம் சொல்லப்பட்ட ஊர் நீர்கொழும்பு, இல்லாவிட்டால் கல்கிசை. கொஞ்சம் காசு சேர்ந்த வருடத்தில் பெந்தோட்டை அல்லது ஹிக்கடுவை. விடியுமுன் புளிச்சாதமும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு, முத்துமாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, வேன் தெற்கே பார்த்துத்தான் புறப்படும். ஒரு தலைமுறை முழுவதும் கடல் என்று நினைவில் வைத்திருப்பது அந்த மேற்குக் கடலைத்தான். அதுவும் ஓகஸ்ட் மாதத்து மேற்குக் கடல்: கலங்கிய தண்ணீர், கரையில் நட்டிருக்கும் சிவப்புக் கொடி, இறங்காதே என்று கத்தும் பெரியவர்கள், முழங்கால் நனைந்ததோடு திரும்பி வரும் பிள்ளைகள். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மாத்தளையிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. மேற்கே போகும் பழக்கத்தைக் காற்றோ தூரமோ எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. அது வேறு இடங்களிலிருந்து வந்தது.

முதலாவது இடம், வெளிநாட்டுப் பயணிகளின் நாட்காட்டி. இலங்கைச் சுற்றுலாச் சபை 1966இல் உருவானது. அதை அடுத்து வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் ஐந்து சுற்றுலா வலயங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எழுபதுகளில் நிலாவெளியிலும் கல்குடாவிலும் ஹோட்டல்கள் எழுந்தன. என்றாலும் பெரும் முதலீடு கொழும்பிலிருந்து காலி வரையான கரையில்தான் விழுந்தது. விமான நிலையம் அந்தப் பக்கம். ஐரோப்பாவில் பனி கொட்டும் டிசெம்பரிலிருந்து மார்ச் வரைதான் வெள்ளைக்காரர் வெயில் தேடி வருவார்கள். அந்த மாதங்களில் தென்மேற்குக் கரை கண்ணாடிபோலக் கிடக்கும் என்பதால் அவர்களுக்கு அது சரியான கணக்கு. ‘சீசன்’ என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது அவர்களுடைய குளிர்காலத்தை. எங்கள் பிள்ளைகளின் நீண்ட லீவுகளில் இரண்டு ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் வருகின்றன. சுவரொட்டியில் கண்ட பெந்தோட்டையின் நீலத் தண்ணீர் ஜனவரியில் எடுத்த படம் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் யுத்தம். 1983 ஜூலைக்குப் பிறகு, மாத்தளை அடையாள அட்டை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் திருகோணமலைக்கு உல்லாசப் பயணம் போவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாயிற்று. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டில் தங்குவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கடல் பார்க்க யார் போவார்கள்? 2002 போர்நிறுத்தக் காலத்தில் பாதை கொஞ்சம் திறந்தது. 2006இல் மாவிலாறில் தொடங்கிய சண்டையோடு மீண்டும் அடைபட்டது. 2009 மே மாதம் வரை, இருபத்தாறு வருடங்கள், கிழக்குக் கடல் எங்களுக்கு வானொலிச் செய்தியில் கேட்கும் இடமாக மட்டுமே இருந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்தவர்கள்தான் இன்று வீடுகளில் பயணத்தைத் தீர்மானிக்கிற அம்மாவும் அப்பாவும். அவர்களுக்குத் தெரிந்த கடலுக்கே பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாதை திறந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட பிறகும் பழைய தடத்திலேயே வண்டி ஓடுவதற்கு நியாயம் இல்லை.

காற்றின் கணக்குக்கு வருவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடைப்பட்ட மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடைப் பருவங்கள். இது பள்ளிக்கூடப் பாடம். எல்லோரும் பரீட்சைக்கு எழுதியதுதான். எழுதிய பிறகு லீவுக்கு வேன் பேசும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். தென்மேற்குக் காற்று இந்து சமுத்திரத்தில் பல ஆயிரம் கிலோமீற்றர் தடையில்லாமல் ஓடி வந்து முதலில் மோதுவது நீர்கொழும்பு தொடங்கி மாத்தறை வரையான கரையில். அது கொண்டுவரும் அலை நீளமானது, கனமானது. காற்று ஓய்ந்த நாளிலும் அலை ஓய்வதில்லை, ஏனென்றால் அது எங்கோ தெற்குச் சமுத்திரத்தில் பிறந்து வருகிறது. அதே காற்று மத்திய மலைநாட்டில் ஏறி, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மறுபக்கம் இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்கிறார்கள். கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. நிலத்திலிருந்து வீசும் காற்றால் கரைக்கு அலையைத் தள்ள முடியாது. அதனால்தான் ஹிக்கடுவையில் அலை ஆளுயரம் எழும் அதே நாளில் நிலாவெளியில் தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மலையின் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலும் ஒரே நேரத்தில் இருப்பதை றிவர்ஸ்டன் கணவாயில் நின்று பார்க்கலாம். ஓகஸ்டில் கிழக்குக் கடலை அமைதியாக வைத்திருப்பதில் எங்கள் மலைகளுக்கும் பங்குண்டு.

படித்தவர்கள் சொல்லும் காரணம் போதாது என்றால் மீன்பிடிகாரர்களைப் பாருங்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் ஒரு பகுதியினர் தென்மேற்குக் காற்று தொடங்கும் காலத்தில் படகையும் வலையையும் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கும் கொக்கிளாய்ப் பக்கத்துக்கும் இடம்பெயர்வது தலைமுறைகளாக நடக்கும் வழக்கம். காற்று திரும்பும்போது அவர்களும் திரும்புவார்கள். அவர்கள் அங்கே போடும் வாடிகளைச் சுற்றி நில உரிமைச் சண்டைகளும் அரசியலும் நிறைய உண்டு. அது தனிக் கதை, இங்கே தேவையில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கடலில் சோறு தேடுகிறவன் மே மாதத்தில் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகிறான், கடலில் விளையாடப் போகும் நாங்கள் அதே மாதங்களில் மேற்குக்குப் போகிறோம். இரண்டு பேரில் ஒருவர் கணக்குத் தவறு, அது அவனுடைய கணக்காக இருக்க முடியாது. திமிங்கிலம் காட்டும் படகுக்காரர்களும் அப்படித்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவில் ஓடும் தொழில், அதற்குப் பிறகு திருகோணமலையில் சூடுபிடிக்கிறது.

மாத்தளை மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த வாதம் ஏன் கூடுதல் கனமாகிறது என்றால், நாங்கள் ஆற்றுப் பிள்ளைகள். சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் தோட்டத்து ஓடைகளிலும் குளித்துப் பழகியவர்கள். ஆற்றில் ஆபத்து எங்கே என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்: இரைச்சல் போடுகிற இடத்தில் கல் இருக்கும், ஆழம் குறைவு; சத்தமில்லாமல் கறுத்துக் கிடக்கும் இடம் மடு. இந்த அறிவு கடலில் உதவாது என்பது மட்டுமில்லை, எதிராகவே வேலை செய்யும். ஆற்றுத் தண்ணீர் ஒரே திசையில் போகும். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். பெரிய அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் அவ்வளவும் ஒரு குறுகிய ஓடையாகச் சேர்ந்து ஆழத்தை நோக்கி ஓடுகிறது. அந்த ஓடையின் மேல் அலை உடைவதில்லை, நுரை இருப்பதில்லை. பார்வைக்கு அந்தக் கரையிலேயே சாதுவான இடம் அதுதான். நீந்தத் தெரியாத உள்ளூர்க் குடும்பம் ஒன்று கடற்கரையில் நின்று, அலை குறைந்த இடமாகப் பார்த்துப் பிள்ளையை இறக்கு என்று சொன்னால், அவர்கள் சுட்டும் இடம் பெரும்பாலும் அந்த இழுவை ஓடையாகவே இருக்கும். ஓடையில் அகப்பட்டவர் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும் என்பது விதி. நீந்தத் தெரியாதவருக்கு அந்த விதியால் பயனில்லை. கையை உயர்த்தி உதவி கேட்டபடி மிதக்கப் பார்ப்பதுதான் வழி. அலை சிறிதாக இருந்தால் இந்த ஓடைகள் பலமிழக்கின்றன. ஆகவே அமைதியான கடலைத் தேடிப் போவது எங்களுக்கு உயிர்க் காவல்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் குளியலுடையில் கடலில் இறங்குவதில்லை. சேலையோ சுரிதாரோ, அதோடேயே இறங்குவார்கள். நனைந்த நீளத் துணி காலில் சுற்றினால், நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார். மேற்குக் கரையின் ஓகஸ்ட் அலையில் அதனால்தான் பெண்கள் கரையிலேயே உட்கார்ந்து, செருப்பும் பையும் காவல் காத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆண்கள் குளிக்கப் பெண்கள் பார்க்கும் பயணத்தைக் குடும்பப் பயணம் என்று நாங்கள் அழைத்து வந்திருக்கிறோம். இடுப்பளவு தண்ணீர் அசையாமல் நிற்கும் ஒரு குடாவில் பாட்டியும் பேத்தியும் ஒன்றாக இறங்கலாம். கிழக்கைத் தெரிவு செய்யச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதற்கு வரும் மறுப்புகளில் பலமானது உறவு சம்பந்தப்பட்டது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். கடைகளில் வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். இரவு படுக்கச் செலவில்லை, சாப்பாட்டுக்குச் செலவில்லை, கல்கிசைக்கு பஸ்ஸில் போகலாம். திருகோணமலையில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உண்மைதான். உறவினரைப் பார்ப்பது பயணத்தின் நோக்கம் என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கடலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். கடலே நோக்கம் என்றால், தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். மாத்தளை நகரிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 155 கிலோமீற்றர். கல்கிசைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஹிக்கடுவைக்குச் சுமார் 240. நீர்கொழும்பு மட்டும்தான் கொஞ்சம் கிட்ட. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்த பிறகு காலிப் பக்கம் நெருங்கிவிட்டது என்பார்கள்; அந்தப் பாதையைப் பிடிக்கக் கண்டி வீதியின் நெரிசலைத் தாண்டியாக வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். திருகோணமலைப் பாதை தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நேரே போகும் சமவெளிப் பாதை. நாலந்தாவைத் தாண்டினால் வளைவுகளும் முடிந்துவிடும், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கண்டியிலிருந்து போகும் திருகோணமலை பஸ் மாத்தளை வழியாகத்தான் போகிறது. தம்புள்ளை, கலேவெல, நாவுலக்காரர்களுக்கு இன்னும் வசதி. தம்புள்ளையிலிருந்து நூறு கிலோமீற்றர் சொச்சம்தான். ரயிலைப் பற்றி பேச வேண்டியதில்லை. 1880இல் மாத்தளைக்கு வந்த தண்டவாளம் அதற்கு அப்பால் ஓர் அடிகூட நகரவில்லை.

வெயில் என்பது இரண்டாவது மறுப்பு. மலைக் காற்றில் வளர்ந்த உடம்பு ஓகஸ்ட் மாதத்துத் திருகோணமலை வெயிலைத் தாங்குமா? முற்பகல் பத்து மணிக்கு மேல் தாங்காதுதான். கச்சான் அடிக்கும் நாளில் முகம் காய்ந்துவிடும். ஆனால் கடல் பத்து மணிக்குப் பிறகு திறக்கும் கடை இல்லை. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் ஒன்பது வரை குளிக்கலாம், மறுபடி நாலு மணிக்கு மேல் இறங்கலாம். நடுப்பகலைக் கோணேசர் கோயிலுக்கோ நிழலுக்கோ தூக்கத்துக்கோ கொடுத்துவிடலாம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்படி வேனைப் பேசுவது எங்கள் ஏற்பாட்டின் குற்றம். ஏப்ரல் புத்தாண்டு லீவைப் பற்றி மட்டும் ஒரு விட்டுக்கொடுப்பு: அது இடைப்பருவம், இரண்டு கரையிலும் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். ஏப்ரலில் நீர்கொழும்புக்குப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் மாதம் என்பதால் எந்தக் கரையிலும் வெயில் ஒன்றுதான்.

சுனாமியைச் சொல்லிக் கிழக்கை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி அலை கிழக்கில் பெரும் அழிவைச் செய்தது. அதே அலைதான் ஹிக்கடுவைக்குப் பக்கத்துப் பெரலியவில் ஒரு ரயிலையே புரட்டிப் போட்டது. சுனாமிக்குப் பருவகாலம் கிடையாது, கரை வேறுபாடும் கிடையாது. இதற்கு மேல் இந்த மறுப்புக்குப் பதில் தேவையில்லை.

கிழக்கு என்று முடிவானால் கிழக்கில் எங்கே என்ற கேள்வி வருகிறது. இதில் அறுகம்பையை முதலிலேயே எடுத்துவிடலாம். அது உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர் வரும் இடம். அவர்களுக்குப் பிடித்த அலை எங்கள் பிள்ளைகளுக்கு எமன். வானிலை அறிக்கையைக் கவனித்துக் கேட்கிறவர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவத்தில் ‘ஹம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்புகள் கொந்தளிப்பாகக் காணப்படும்’ என்ற மாதிரி வாசகம் திரும்பத் திரும்ப வரும். கதிர்காமம் ஆடிவேல் விழாவுக்குப் போய்விட்டுக் கிரிந்தையில் கடலுக்கு இறங்கலாம் என்று நினைக்கும் யாத்திரைக் கூட்டங்களும் இதைக் கேட்பது நல்லது. விழா வருவது கடல் மிகவும் பொல்லாத நாட்களில். கிரிந்தைக் கடலைப் பாறை மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

மிச்சம் இருப்பது இரண்டு: பாசிக்குடாவும் திருகோணமலையும். பாசிக்குடா, ஹபரணையில் திரும்பிப் பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாகப் போவது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இந்தத் தீவில் அதைவிட நல்ல தண்ணீர் எனக்குத் தெரிந்து இல்லை. பிறை வடிவக் குடா, வெளியே பாறைத்திட்டு, உள்ளே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத ஆழம். ஆனால் யுத்தம் முடிந்த பிறகு அங்கே எழுந்த ஹோட்டல் வரிசை வசதியுள்ளவர்களுக்காகக் கட்டப்பட்டது. கரைக்கும் வீதிக்கும் நடுவில் மதில்கள் நிற்கின்றன. பொதுமக்கள் குளிக்கும் பகுதி தனியாக உண்டு, அங்கே லீவு நாட்களில் கூட்டம் நெரியும். குளித்துவிட்டால் பார்க்க வேறு அதிகம் இல்லை. ஒரு பகல் போதும்.

திருகோணமலை அப்படி இல்லை. எங்கள் சனம் கடலுக்கென்று மட்டும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. கோயில் ஒன்று வழியில் இருந்தால்தான் பெரியவர்கள் வேனில் ஏறுவார்கள். பிரெட்றிக் கோட்டைக்குள்ளே, மான்கள் மேயும் பாதையில் ஏறிப் போனால், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையில் கோணேசர் கோயில். போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோயில் இருந்த இடத்தில் பின்னாளில் எழுப்பியது. ஊருக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். நகரத்திலேயே கோட்டைக்குப் பக்கத்தில் டச்சுக் குடாக் கடற்கரை. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், நுழைவுக் காசு இல்லை, மாலையில் ஊர்க் குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும் இடம். வடக்கே உப்புவெளி, அதற்கு அப்பால் நிலாவெளி. நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் புறாத்தீவு, 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறிப் பவளப் பாறைகள் வெளுத்துச் செத்தபோது ஹிக்கடுவையின் பவளம் பெரும்பகுதி போய்விட்டது. புறாத்தீவுப் பவளம் ஓரளவு தப்பியது. தப்பியதை இப்போது நாங்கள் மிதித்துக் கொல்கிறோம். முழங்காலளவு தண்ணீரில் பவளத்தின் மேலேயே நடந்து படம் எடுக்கும் கூட்டத்தை ஓகஸ்டில் பார்க்கலாம். மிதவைச் சட்டை போட்டு, தரையில் கால் வைக்காமல் மிதந்து பார்க்க முடியும் என்றால் போங்கள்; முடியாது என்றால் நிலாவெளிக் கரையிலிருந்தே தீவைப் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்து போவது ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் மின்னேரியா இருக்கிறது. வாவி வற்றி யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவது ஓகஸ்ட்–செப்டெம்பர் மாதங்களில்தான். யானை பார்க்கும் ஆசையில் ஹபரணை–கந்தளாய் வீதியில் இரவில் ஓட மட்டும் வேண்டாம். அந்தக் காட்டில் யானைகளும் வீதியைக் கடக்கின்றன.

செலவைப் பற்றி நேராகப் பேச வேண்டும், ஏனென்றால் விடுமுறை பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி இது. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகக் கூடியது. கடலைப் பார்த்த அறை ஒன்றுக்கு நிலாவெளியில் ஓர் இரவு கொடுக்கும் காசு, அந்தச் சம்பளத்தில் பல நாட்களை விழுங்கிவிடும். அதனால் கிழக்கு பணக்காரரின் கடல் என்று சொல்வார்கள். ஹோட்டலை வைத்துக் கணக்குப் போட்டால் பெந்தோட்டையும் அப்படித்தான். எங்கள் சனம் பயணம் போவது ஹோட்டலை நம்பி அல்ல. இருபது முப்பது பேர் சேர்ந்து பஸ்ஸோ வேனோ பேசி, முதல்நாள் இரவே புறப்பட்டு, வழியில் கோயில் மடத்தில் முகம் கழுவி, சமைத்த சட்டியோடு போய்த் திரும்புவதுதான் எங்கள் முறை. அந்த முறைக்கு ஓர் இரவுப் பாதையில் எட்டும் இடமாக, குளிப்பதற்குக் காசு கேட்காத கரையாக இருக்க வேண்டும். திருகோணமலை இரண்டுக்கும் பொருந்துகிறது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் திணைக்களங்களின் சர்க்கியூட் பங்களாக்கள் உண்டு; முன்கூட்டியே விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. மலையகத் தமிழருக்கு உரிய கடல் தலைமன்னார்க் கடல் அல்லவா? தோணிகளில் வந்திறங்கிய முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து, மலைநாட்டில் முதலில் கால் வைத்த ஊர் மாத்தளை. வழியிலே நோயிலும் பசியிலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடிந்தது. அந்தக் கரைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போவது கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1964 டிசெம்பர்ப் புயலோடு நின்றுபோன தனுஷ்கோடிக் கப்பலின் பழைய இறங்குதுறையையும் காட்ட வேண்டும். ஆனால் அது குளிக்கப் போகும் கரை இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கற்பிட்டியிலிருந்து மன்னார் வரை காற்று ஓயாமல் அடிக்கும்; பட்டம் கட்டி அலையில் ஓடும் விளையாட்டுக்குக் கற்பிட்டி பேர் பெற்றது அந்தக் காற்றால்தான். நினைவுக்காகப் போகும் பயணத்தையும் நீராடப் போகும் பயணத்தையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் பாழ். தலைமன்னாருக்கு பெப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவை தனியாகப் போங்கள்.

டிசெம்பர் லீவுக்கு இந்த வாதம் அப்படியே தலைகீழாகும் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கிழக்கில் மழைக்காலம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயல் வந்தது அந்தப் பருவத்தில். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுச் சரிவுகளும் சேர்ந்து சரிந்ததை மாத்தளைக்காரர் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் கடல் வேண்டும் என்றால் டிசெம்பர் வரை பொறுத்து, மேற்கே போங்கள். அப்போது நீர்கொழும்பும் ஹிக்கடுவையும் சுவரொட்டியில் கண்டபடியே இருக்கும்.

வீடுகளைவிடப் பள்ளிக்கூடங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்விச் சுற்றுலா என்ற பெயரில் ஜூன், ஜூலை மாதங்களில் மாத்தளையிலிருந்து புறப்படும் பஸ்கள் பாராளுமன்றம், மிருகக்காட்சிச்சாலை, துறைமுகம் எல்லாம் காட்டிவிட்டு, மாலையில் களைத்துப்போன அறுபது பிள்ளைகளைக் கல்கிசையிலோ காலிமுகத்திடலிலோ அவிழ்த்துவிடுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் கடல், நீந்தத் தெரிந்தவர் ஓரிருவர், பொறுப்பாசிரியர் மூன்று நான்கு பேர். அதிபர்மாரே, இரண்டாம் தவணைச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடும்போது கொழும்பை முதலாம் தவணைக்கு மாற்றுங்கள். ஜூன், ஜூலையில் பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவதென்றால் பஸ்ஸைத் தம்புள்ளை தாண்டி ஹபரணைப் பக்கம் விடச் சொல்லுங்கள்.